ஏட்டில் இல்லாதது காப்பில் இல்லை!

(கணிப்பொறித் துறையில் பணியாற்றும் தமிழ் இளைஞர்கள் கூடிய அரங்கில் ஆற்றிய உரை)



தமிழ் அரங்கில் முகில் கணிமைக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். துறைதோறும் தமிழ் வேண்டும் என்று முழங்குகின்றோம். நம் பிள்ளைகள் நாள்தோறும் உழைத்துண்ணும் துறையை விட்டுவிட்டு முழங்கினால் அம்முழக்கத்தால் என்ன பயன்? ஆகவே, உங்களுள் பலர் கைப்படச் செய்யும் ஒரு வேலையையே எடுத்துக்கொண்டு பேசுகின்றேன்.

ஒவ்வொரு நிறுவனமும் தன்னிடமுள்ள பொறிகளையும் மென்பொருள்களையும் ஓர் உடைமைப் பதிவேட்டில் எழுதி வைக்கின்றது. எது, எங்குள்ளது, எவர் பொறுப்பிலுள்ளது, எதனோடு தொடர்புடையது என்பனவெல்லாம் அதில் இருத்தல் வேண்டும். இவ்வேலை நம் இனத்திற்குப் புதிதன்று. தஞ்சைப் பெருங்கோயிலில் இராசராசன் வெட்டுவித்த கல்வெட்டு, கோயிற்பணிக்கு அமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களையும், அவர்கள் வாழ்ந்த தெருவையும், வீட்டு வரிசையையும் ஒன்றுவிடாமல் உரைக்கின்றது. அணிகலன்களின் எடை மஞ்சாடி, குன்றி வரை நுணுக்கமாக எழுதப்பெற்றுள்ளது. அந்தப் பட்டியல்கள் தமிழில் இருந்தன என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அதற்கு வருகின்றேன்.

முன்பு பொறிகள் ஓர் அறையில் இருந்தன. வலையத்தில் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் இருந்தது. தேடு மென்பொருள் வீடுவீடாகக் கதவைத் தட்டுவதுபோல் எண் எண்ணாகத் தட்டி, ‘நீ யார்?’ என்று வினவி எழுதிக்கொண்டது. இன்று பல பணிகள் முகிலுக்குப் போய்விட்டன. 2016ஆம் ஆண்டு திசம்பரில் அமேசான் நிறுவனம் ‘இசுடெப் பங்சன்சு’ என்னும் பணிப்பாய்வு அமைப்பை வெளியிட்டது. மைக்ரோசாப்டு ‘இலாசிக் ஆப்சு’ என ஒன்றை வைத்துள்ளது. கூகுளிடமும் இதுபோல் ஒன்று உண்டு. ஒருவர் கடன் வேண்டி எழுதினால், அதைச் சரிபார்த்தல், மேலாளர் ஒப்புதலுக்குக் காத்திருத்தல், பணம் விடுத்தல், மடல் அனுப்புதல் ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து நடத்துவதே பணிப்பாய்வு.

இதைத் தட்டிப் பார்க்க நம் அறையில் பொறி ஏதும் இல்லை. முகில் நிறுவனத்தின் ஏட்டில் ஒரு வரையறையாக மட்டும் அது வாழ்கின்றது. அமேசானில் பொதுவகைப் பணிப்பாய்வின் ஓர் ஓட்டம் ஓராண்டு வரை உறங்கிக் காத்திருக்கலாம். விரைவுவகை ஓட்டமோ 5 மணித்துளிக்குள் முடிந்துவிடும். ஆகவே, இப்போது எது ஓடுகின்றது என்று பார்த்து எழுதினால் பாதி தப்பிவிடும். ஓர் ஊழியர் ஒரு மாலைப்பொழுதில் ஒரு பணிப்பாய்வை உருவாக்கிவிட்டு, மறு திங்களே வேறு நிறுவனம் போய்விடுகின்றார் என்று வையுங்கள். அவர் கொடுத்த இசைவுகளோடு அது ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கு உரியவர் எவர் என்று கேட்டால் விடை சொல்ல ஆள் இராது.

இதன் ஏதம் என்ன என்பதை 2021ஆம் ஆண்டு திசம்பர் காட்டியது. ‘இலாக் 4 சே’ என்னும் சிறு மென்பொருள் உறுப்பில் பெரும் ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. அடைக்கும் வழியும் வந்தது. ஆனால், அவ்வுறுப்பு தம்மிடம் எங்கெங்கே உள்ளது என்று தெரியாமல் உலகெங்கும் நிறுவனங்கள் அல்லற்பட்டன. ஏட்டில் இல்லாததைக் காக்க எவராலும் இயலாது.

அப்படியாயின் முகிற்பணிப்பாய்வுகளைத் தானாகக் கண்டறிவது எவ்வாறு? கதவைத் தட்டுவதற்கு மாறாக, முகில் நிறுவனத்தின் ஏட்டையே வினவுதல் வேண்டும். படிக்க மட்டும் உரிமையுள்ள ஓர் இசைவைப் பெற்றுக்கொண்டு, ஒவ்வொரு கணக்கிலும் ஒவ்வொரு வட்டாரத்திலும் தனித்தனியே கேட்டல் வேண்டும். மும்பை வட்டாரத்தில் கேட்டால் ஐதராபாத்து வட்டாரத்தில் உள்ளது வாராது. விடையும் பக்கம் பக்கமாக வரும். முதற்பக்கத்தோடு நின்றவன் எஞ்சியதை இழப்பான். பிறகு ஒவ்வொன்றின் வரையறையையும் பெற்றுப் படித்து, அது எந்தெந்தச் செயல்களையும் தரவுத் தொகுப்புகளையும் அழைக்கின்றது என்று தொடர்புகளை வரைதல் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் முகில் நிறுவனம் தந்துள்ள தனியடையாளத்தைக் கொண்டு முன்னைய பதிவோடு ஒப்பிட்டால் ஒன்று இரண்டாக ஏறாது. மறைந்துபோனதை அழித்துவிடாமல் ‘ஓய்வுற்றது’ எனக் குறித்தல் நன்று.

இங்கு ஒரு பொறி உண்டு, விழுந்துவிடாதீர்கள். ‘ஒன்றும் இல்லை’ என்னும் விடை வேறு. ‘காண உனக்கு இசைவில்லை’ என்னும் விடை வேறு. பின்னதை முன்னதாக எழுதிய ஏடு, ஏடே இல்லாமையினும் கொடிது.

இவ்வளவும் செய்தாலும், ஏன் இது உள்ளது, எவர் உரியவர் என்னும் இரண்டு வினாக்களுக்கு மாந்தரே விடை எழுத வேண்டியுள்ளது. அதற்காகவே குறிச்சீட்டுகள் உள்ளன. அமேசானில் ஒரு பொருளுக்கு 50 குறிச்சீட்டுகள் வரை கட்டலாம். ஒவ்வொன்றிலும் ஒரு தலைப்பும் அதற்குரிய செய்தியும் இருக்கும். தலைப்பு 128 எழுத்துக்குறிகள், செய்தி 256.

உடன்பிறப்புகளே! இப்போது மொழிக்கு வருகின்றேன். பணிப்பாய்வுக்குத் தமிழில் பெயர் வைக்க இயலுமா? அமேசானின் கையேடு கூறுவதைக் கேளுங்கள். பிற எழுத்துகளில் பெயர் வைக்கலாம். ஆனால், அப்பெயருடையவற்றை அவர்களின் கண்காணிப்பு அமைப்பு அளந்து காட்டாது. ஆங்கில எழுத்தே ஏற்றது என்பது அதன் கருத்து. தமிழ்ப்பெயர் தாங்கியது ஓடும். ஆனால் கண்காணிப்பில் தோன்றாது! இக்குறையை நீக்கக் கேட்பது நம் உரிமை. ஆயினும், குறிச்சீட்டில் ஒருங்குறி எழுத்துகளுக்கு இடம் உண்டு என்று கையேடு கூறுகின்றது. அங்கே ஏன் நாம் தமிழை எழுதவில்லை? அந்தத் தடை எவர் போட்டது? நாமே போட்டுக்கொண்டது!

எழுதத் தொடங்கினால் நமக்கு ஒரு கடமையும் உண்டு. ஒருவர் ‘உரியவர்’ என்றும், ஒருவர் ‘உடையவர்’ என்றும், மற்றொருவர் ‘பொறுப்பாளர்’ என்றும் தலைப்பிட்டால் பொறி அவற்றை மூன்றாகவே கொள்ளும். ஏடு மூன்றாய் உடையும். எழுத்திலும் விழிப்பு வேண்டும். ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒருங்குறியில் ஒற்றைக் குறியீடாகவும், இரட்டைக்கொம்பும் காலுமாக... இல்லை, ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்தும் உள்ளிட இயலும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. ஒப்பமாக்காத பொறிக்கு வேறு வேறு. ஒரு பொருளுக்கு ஒரு சொல், ஒரு சொல்லுக்கு ஓர் எழுத்துமுறை என்று உறுதி செய்தல் நம் அறிஞரும் இளைஞரும் ஒன்றாய் அமர்ந்து செய்ய வேண்டிய பணி.

நாளையே தொடங்குங்கள். உங்கள் பொறுப்பிலுள்ள பணிப்பாய்வுகளை எண்ணுங்கள். பெயர் ஆங்கில எழுத்தில் இருப்பினும், அதன் நோக்கத்தையும் உரியவரையும் குறிச்சீட்டில் நல்ல தமிழில் எழுதுங்கள். அடுத்து வருபவன் படித்து விளங்கிக்கொள்வான். அவன் தமிழனாயின் தலை நிமிர்வான்.

கல்லில் எழுதிய இனம் முகிலிலும் எழுதட்டும்! வெல்க தமிழ்!