திறப்பு விழாவுக்குக் காசு உண்டு, தொடர்ந்து படிக்க?

(மாணவர் பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



உயர்கல்வியில் இணையவழிக் கல்வி என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் வழக்கமாகக் கம்ப்யூட்டரின் மகிமையைப் பேசுவார்கள். நான் காசைப் பற்றிப் பேசப்போகிறேன். யார் கொடுக்கிறார்கள், எதற்குக் கொடுக்கிறார்கள், எத்தனை நாளைக்குக் கொடுக்கிறார்கள், அது நின்னுபோனா பாரம் யார் தலையில் விழுகிறது? இது கணக்குப்பிள்ளை சமாச்சாரம் இல்லை. அரசியல்.

பாபாசாகேப் வாழ்க்கையிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. 1913இல் பரோடா மன்னர் கொடுத்த உதவித்தொகையில் கொலம்பியா போனார். மாதம் பதினொன்றரை பவுண்டு. பிறகு லண்டனில் படித்துக்கொண்டிருக்கும்போதே உதவித்தொகைக் காலம் முடிந்தது. 1917இல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்பினார். மூளை நிற்கவில்லை, உழைப்பு நிற்கவில்லை. காசு நின்றது, படிப்பு நின்றது. மும்பையில் பேராசிரியர் வேலை பார்த்துச் சேமித்து, கோலாப்பூர் சாகு மகாராஜா உதவியோடும் நண்பரிடம் கடனோடும் 1920இல் திரும்பப் போய்த்தான் முடித்தார். சேர்வதற்குக் காசு கிடைப்பது ஒன்று. முடிக்கும்வரை காசு கிடைப்பது வேறொன்று. நம் பிள்ளைகள் பெரும்பாலும் உதிர்ந்துபோவது இந்த இரண்டாவது இடத்தில்தான்.

இப்போது அரசாங்கத்தின் கதைக்கு வருவோம். 1984 ஆகஸ்ட் 15 அன்று பல்கலைக்கழக மானியக்குழு தொலைக்காட்சி வழியாக நாடு தழுவிய வகுப்பறையைத் தொடங்கியது. கல்லூரியில்லாத ஊருக்கும் நல்ல ஆசிரியர் வந்துவிடுவார் என்றார்கள். 2004 செப்டம்பரில் கல்விக்கென்றே எடுசாட் என்ற செயற்கைக்கோளை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவினார்கள். ஆறே வருஷத்தில், 2010இல், அதன் காலம் முடிந்தது. 2009இல் தகவல் தொழில்நுட்பவழிக் கல்விக்கான தேசிய இயக்கம், ஒதுக்கீடு 4,612 கோடி ரூபாய். 2011 அக்டோபரில் ஆகாஷ் கைக்கணினி, ஏழை மாணவன் கையில் மூவாயிரம் ரூபாய்க்குள் கம்ப்யூட்டர் என்று பத்திரிகையெல்லாம் முதல் பக்கத்தில் போட்டது. சில வருஷத்தில் சத்தமில்லாமல் அடங்கிப்போனது.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு. ராக்கெட் விட, கருவி வாங்க, அமைச்சர் பொத்தானை அமுக்க நிதி இருக்கும். கிராமத்துக் கல்லூரியில் திரை பழுதானால் சரிசெய்ய, பாடத்தைப் புதுப்பிக்க, சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல ஒரு ஆளை நியமிக்க நிதி இருக்காது. ஆனையை வாங்கிப்புட்டு அங்குசத்துக்குக் காசில்லேன்னு நிக்கிற கதை. ஊருக்குக் குழாய் போட்டுட்டு, சேரி வரும்போது பைப்பு தீர்ந்துபோச்சுன்னு சொல்றதை நாம் ஏற்கனவே பார்த்தவர்கள்தானே.

நிலைத்து நின்ற முயற்சியும் ஒன்று உண்டு. சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து, மத்திய அரசு நிதியில், 2003இல் தொடங்கிய என்பிடெல். வாசலில் காவல்காரன் நிறுத்துகிற இடத்துக்குள் நடக்கும் பாடத்தை இன்று யாரும் இலவசமாகப் பார்க்கலாம். பாட உரைகளைத் தமிழிலும் ஆக்குகிறார்கள். இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆயிரக்கணக்கான வருஷமாகக் காதில் விழக்கூடாது என்று தடுக்கப்பட்ட கூட்டம் நாம். பாடம் திறந்து கிடப்பது நமக்குச் சின்ன விஷயமில்லை.

ஆனால் அது எப்படி நிற்கிறது என்று பாருங்கள். 2014இல் சான்றிதழ்த் தேர்வு வந்தது. படிக்கக் காசில்லை, தேர்வெழுதக் கட்டணம், ஒரு பாடத்துக்கு ஆயிரம் ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி மாணவருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் பாதி. மானியத்தோடு இந்தக் கட்டணமும் சேர்ந்துதான் வண்டி ஓடுகிறது. வண்டி ஓட வழி கண்டுபிடித்தார்கள், சரி. பாதிச் சலுகையும் சரி. அந்த மீதிப் பாதி எங்கிருந்து வரும் என்பதுதான் என் கேள்வி.

ஒரு கணக்குப் போடுவோம். வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போகிற பி.ஏ., பி.எஸ்சி. படிக்கும் தலித் மாணவி. மத்திய அரசின் 2021 விதிப்படி, பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகையில் கல்விப்படி என்று அவளுக்கு வருஷத்துக்கு 3,000 ரூபாய். அவள் வருஷத்துக்கு நாலு பாடம் இணையத்தில் எடுத்தால் தேர்வுக் கட்டணம் சலுகை போக 2,000. செல்போன் ரீசார்ஜ், 28 நாளைக்கு இருநூறு என்று வைத்தாலும் வருஷத்துக்குப் பதிமூன்று முறை, 2,600. ஆக 4,600. தேர்வு மையம் நகரத்தில், பஸ்காசு தனி. செல்போன் விலையை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. அந்த 3,000மும் படிக்கிற மாதத்தில் வருவதில்லை, பல நேரம் பரீட்சை முடிந்துதான் வருகிறது. 2017-18 தேசிய மாதிரி ஆய்வில் கிராமப்புறக் குடும்பங்களில் நூற்றுக்கு நாலு, அஞ்சு வீட்டில்தான் கம்ப்யூட்டர் இருந்தது. இன்று போன் பரவியிருக்கிறது, உண்மை. ஆனால் வீட்டுக்கு ஒரு போன், அதையும் அண்ணன் வேலைக்கு எடுத்துப்போயிட்டா அவள் எதில் படிப்பாள்?

கொரோனா காலத்தில் தமிழ்நாட்டு அரசு சுமார் 9.69 லட்சம் கல்லூரி மாணவருக்கு நாளொன்றுக்கு 2 ஜி.பி. டேட்டா இலவசம் என்று அறிவித்தது. நல்ல காரியம். 2021 ஜனவரியிலிருந்து ஏப்ரல்வரை, நாலே மாதம். இருபது லட்சம் மாணவருக்கு மடிக்கணினி, கைக்கணினி என்று 2025 நிதிநிலை அறிக்கை சொன்னது. அதையும் வரவேற்போம். கருவி ஒருமுறை வரும். டேட்டா மாதாமாதம் வேண்டும்.

அரசாங்கத்தால் முடியாது, சந்தை பார்த்துக்கொள்ளும் என்று ஒரு வாதம் உண்டு. சந்தையை நம்பியவர்கள் கதை உலகத்திலேயே இருக்கிறது. பிரிட்டன் அரசு 2000இல் இணையப் பல்கலைக்கழகம் ஒன்றை அறிவித்து 6.2 கோடி பவுண்டு ஒதுக்கியது. தனியார் முதலீடு வந்து சேரும், வெளிநாட்டு மாணவர்கள் குவிவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். முதலீடும் வரவில்லை, ஆளும் வரவில்லை. சேர்ந்தவர்கள் சுமார் 900 பேர். 2004இல் மூடினார்கள். அமெரிக்காவில் ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் 2012இல் ஆளுக்கு மூன்று கோடி டாலர் போட்டு எடெக்ஸ் தொடங்கின. உலகத்துக்கே இலவசக் கல்வி என்றார்கள். போகப்போகச் சான்றிதழுக்குக் காசு. 2021இல் 80 கோடி டாலருக்கு ஒரு கம்பெனிக்கு விற்றார்கள். அந்தக் கம்பெனி 2024இல் திவால் நீதிமன்றத்தில் போய் நின்றது. ஹார்வர்டுக்கே இந்தக் கதி என்றால், கடன் வாங்கி ரீசார்ஜ் போடுகிறவளுக்குச் சந்தை என்ன செய்துவிடும்?

இன்னொரு ஆபத்து இருக்கிறது தோழர்களே, இதைக் கவனமாகக் கேளுங்கள். 2016இல் மானியக்குழு ஒரு பருவத்தில் நூற்றுக்கு இருபது பங்குவரை பாடங்களை இணையத்தில் படிக்கலாம் என்றது. 2021இல் அது நாற்பது ஆனது. கல்லூரியில் ஒரு பாடத்துக்கு ஆசிரியர் இல்லையென்றால், ஸ்வயம் தளத்தில் பார்த்துக்கோ என்று சொல்லிவிடலாம். நிரந்தரப் பணியிடம் ஒன்று இருந்தால் அதில் இனச்சுழற்சி உண்டு, நம்ம புள்ள ஒன்று உள்ளே வரும். திரைக்கு இனச்சுழற்சி கிடையாது. பேசுகிற முகங்கள் எங்கிருந்து வருகின்றன, ஐ.ஐ.டி. ஆசிரியர்களில் நம் ஆட்கள் எத்தனை பேர் என்பது நாடறிந்த கதை. ஆக, செலவை மிச்சம் பிடிக்கிற கருவியாக இது வந்தால், மாணவனிடம் கட்டணத்தையும் ஆசிரியரிடம் வேலையையும் ஒரே நேரத்தில் பிடுங்கும்.

அதனால் ஆன்லைன் படிப்பே வேண்டாம் என்று சொல்லலாமா? கூடாது. ஆங்கிலக் கல்வி வந்தபோது வேண்டாம் என்றிருந்தால் நாம் எங்கே இருந்திருப்போம்? பாபாசாகேப் 1946இல் மும்பையில் சித்தார்த்தா கல்லூரி தொடங்கியபோது காலையில் வகுப்பு வைத்தார். வேலைக்குப் போகிற ஏழைப் பிள்ளை படித்துவிட்டுப் போகட்டும் என்று. படிப்பவனின் வயிற்றுப்பாட்டைப் பார்த்து நேரம் குறித்தார். அதே கண்ணோடு இணையவழிக் கல்வியின் நிதியையும் பார்க்க வேண்டும். நம் கோரிக்கைகள் இவை:

ஒன்று. இணையவழிக் கல்விக்கு ஒதுக்கும் பணத்தில் தொடக்கச் செலவு எவ்வளவு, ஆண்டுதோறும் நடத்தும் செலவு எவ்வளவு என்று பிரித்துக் காட்ட வேண்டும். ஐந்து வருஷத்துக்கு நடத்தும் செலவு உறுதியாகாத திட்டத்துக்குத் திறப்பு விழா வேண்டாம்.

இரண்டு. தேர்வுக் கட்டணமும் டேட்டா செலவும் கல்வி உதவித்தொகையில் சேர வேண்டும். 2020 டிசம்பரில் அந்த உதவித்தொகைக்கு ஐந்தாண்டுக்கு 59,048 கோடி, மத்திய அரசு பங்கு அறுபது, மாநிலம் நாற்பது என்று முடிவு செய்தார்கள். அந்தக் கணக்கில் இந்தச் செலவுக்கும் ஓர் இடம் வேண்டும், பருவம் தொடங்கும்போதே கைக்கு வர வேண்டும்.

மூன்று. தமிழ்நாட்டில் 2024இல் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம் வந்திருக்கிறது. மக்கள்தொகையில் நாம் நூற்றுக்கு இருபது. அந்தப் பங்கிலிருந்து ஒவ்வொரு கல்லூரி விடுதியிலும், சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றியது போதாது, நல்ல இணைய இணைப்பும் படிக்க ஒரு அறையும் வழிகாட்ட சம்பளத்தோடு ஒரு ஆளும் வேண்டும்.

நாலு. இணையப் பாடத்தைக் காட்டி ஒரு ஆசிரியர் பணியிடத்தைக்கூடக் காலியாக வைக்கக் கூடாது.

இங்கே உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருவரும் ஊருக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் விடுதியில் எத்தனை பேர் இணையப் பாடத்தில் சேர்ந்தார்கள், எத்தனை பேர் தேர்வெழுதினார்கள், எழுதாதவர்கள் ஏன் எழுதவில்லை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் துறை கொடுக்கிற கணக்கு ஒன்று இருக்கும். நம்மிடம் நம் கணக்கு இருக்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் மாவட்ட ஆட்சியர் முன்னால் போய் உட்கார வேண்டும். சலுகை கேட்டு இல்லை, பங்கு கேட்டு.

ஜெய்பீம்.