தனித்துத் தப்புவோர் எவருமில்லை: பேரழிவுத் தொடர்களும் வர்க்க அரசியலும்

(கட்சிக் கல்வி வகுப்பு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



உலகம் அழிந்துவிட்டது. எஞ்சியிருப்போர் சிலர். உணவு குறைவு. கதவுக்கு வெளியே மரணம் காத்திருக்கிறது. கடந்த இருபது ஆண்டுகளில் உலகத் தொலைக்காட்சியும் இணையத் திரைத் தளங்களும் மிகுதியாக விற்றுவரும் கதைகளில் இதுவும் ஒன்று. கொள்ளைநோய், அணு ஆயுதப் போர், வேற்றுக்கோள் படையெடுப்பு, உறைபனி என்று அழிவின் காரணம் தொடருக்குத் தொடர் மாறும். யார் பிழைப்பார், யார் மடிவார், அதை யார் தீர்மானிப்பார் என்ற கேள்வி மட்டும் மாறுவதில்லை. இக்கேள்வி முழுக்க முழுக்க அரசியல் கேள்வி. எனவே இத்தகைய அறிவியல் புனைவுத் தொடர்களை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட இயலாது. இளம் தோழர்கள் இரவு முழுவதும் இவற்றைப் பார்க்கிறார்கள். கிளைக் கூட்டங்களிலோ இவை பற்றி ஒரு சொல்லும் பேசப்படுவதில்லை. இந்த இடைவெளி எதிரிக்கே சாதகம்.

ஏன் ஈர்க்கின்றன?

பிழைத்திருத்தல் என்பது உழைக்கும் மக்களுக்குக் கற்பனைச் சிக்கல் அன்று. மாதத்தின் இருபதாம் தேதிக்கு மேல் கையில் காசில்லாத குடும்பமும், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்று அஞ்சும் தொழிலாளியும், வெள்ளத்திலும் வறட்சியிலும் மாறிமாறிச் சிக்கும் விவசாயியும் ஒவ்வொரு நாளும் இக்கேள்வியோடுதான் விழித்தெழுகிறார்கள். நவதாராளமயம் பரப்பிய இந்தப் பெயரற்ற அச்சத்திற்குத் திரை ஓர் உருவம் தருகிறது. இது ஈர்ப்பின் முதல் காரணம்.

இரண்டாவது காரணம் இதைவிட ஆழமானது. அழிந்த உலகத்தில் முதலாளி இல்லை. கடன் தவணை இல்லை. பங்குச் சந்தை இல்லை. இயந்திரத்தைப் பழுது பார்க்கத் தெரிந்தவரும், காயத்திற்குக் கட்டுப்போடத் தெரிந்தவரும், சமைக்கத் தெரிந்தவருமே அங்கே மதிப்புடையவர்கள். உழைப்பின் பயன் நேராகக் கண்ணுக்குத் தெரிகிறது. தம் உழைப்பிலிருந்து அந்நியப்படுத்தப்பட்ட மனிதர் அந்தக் காட்சியில் ஓர் ஏக்கத்தை உணர்கிறார். பேரழிவுக் கதையின் அடியில் மறைந்திருப்பது வேறொரு சமுதாயத்திற்கான ஆசை.

ஆனால் அந்த ஆசையைப் பெரும்பாலான தொடர்கள் தவறான திசையில் இழுத்துச் செல்கின்றன. சட்டமும் காவலும் நீங்கிவிட்டால் மனிதன் மனிதனைக் கொல்வான். அண்டை வீட்டானே முதல் பகைவன். துப்பாக்கி ஏந்திய வலிமையான தலைவனே ஒரே பாதுகாப்பு. இதுவே அவை மீண்டும் மீண்டும் ஓதும் பாடம். 1651இல் தாமஸ் ஹாப்ஸ் எழுதிய தத்துவம் இன்று திரையில் சதையும் இரத்தமுமாக நடமாடுகிறது. சந்தையின் போட்டி மனநிலையை மனித இயல்பு என்று காட்டுவதே இதன் உட்பொருள்.

இந்த மயக்கத்தை மார்க்ஸ் அன்றே அடையாளம் கண்டார். 1719இல் வெளிவந்த ராபின்சன் குரூசோ கதையைப் போலத் தனிமனிதனையே தொடக்கப் புள்ளியாகக் கொண்ட பொருளியலறிஞர்களை, 1857இல் எழுதிய தம் முன்னுரையில் அவர் எள்ளி நகையாடினார். சமுதாயத்திற்கு வெளியே தனிமனிதன் உற்பத்தி செய்வது என்பது அபத்தம் என்பது அவர் வாதம். கதையையே பாருங்கள். குரூசோ தீவில் பிழைத்தது உடைந்த கப்பலிலிருந்து மீட்ட கருவிகளாலும் துப்பாக்கிகளாலும்தான். அவற்றைச் செய்தவை எண்ணற்ற தொழிலாளர்களின் கைகள். தனித்துத் தப்பியவன் என்று புகழப்படுபவன் முகமறியாப் பலரின் உழைப்பைச் சுமந்தே தப்பினான்.

கப்பலுக்குள்ளும் வர்க்கம்

முதலாளித்துவ நாடுகளின் தொடர்கள் அனைத்தும் ஒரே வார்ப்பில் செய்யப்பட்டவை அல்ல. அமெரிக்காவின் 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' இதற்குச் சான்று. அழிக்கப்பட்ட கோள்களிலிருந்து தப்பிய ஐம்பதாயிரத்துக்கும் குறைவான மக்கள் கப்பல் தொகுதியில் அலைகிறார்கள். 2007இல் ஒளிபரப்பான 'டர்ட்டி ஹேண்ட்ஸ்' என்ற அத்தியாயத்தில் எரிபொருள் சுத்திகரிப்புக் கப்பலில் ஓய்வின்றி உழைக்கும் தொழிலாளர்கள் காட்டப்படுகிறார்கள். அங்கே பெற்றோரின் வேலையே பிள்ளைகளின் தலைவிதியாகி வருகிறது. ஏழைக் கோள்களில் பிறந்தோர் அழுக்கு வேலைக்கும், செல்வக் கோள்களில் பிறந்தோர் ஆளும் வேலைக்கும் என்று பிரிந்து நிற்கிறார்கள். பிறப்பால் தொழில் விதிக்கப்படும் கொடுமையை அறிந்த இந்தியப் பார்வையாளருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வேலைநிறுத்தம் வெடிக்கிறது. மனிதகுலமே ஆபத்தில் இருக்கும்போது வேலைநிறுத்தமா என்று படைத்தளபதி சீறுகிறார். தொழிலாளர் தலைவரின் மனைவியைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுவிடுவதாக மிரட்டுகிறார். பின்னர் பேச்சுவார்த்தையில் தொழிற்சங்கம் ஏற்கப்படுகிறது. அத்தியாயம் சமரசத்தில் முடிந்தாலும் ஓர் உண்மையை மறைக்கவில்லை: எல்லோரும் ஒரே கப்பலில் இருக்கிறோம் என்று சொல்பவர், கப்பலின் எந்தத் தளத்தில் இருந்துகொண்டு சொல்கிறார் என்று கேட்க வேண்டும். தேசம் ஆபத்தில் இருக்கிறது, கோரிக்கைகளைத் தள்ளிவையுங்கள் என்ற குரல் இந்தியத் தொழிலாளி வர்க்கத்திற்குப் புதிதன்று.

கூட்டு நாயகன்

இவ்வகைக் கதையை உழைக்கும் மக்களின் பக்கம் நின்று சொன்னவர்களில் முதன்மையானவர் அர்ஜென்டினாவின் எக்டர் ஹெர்மான் ஊஸ்டர்ஹெல்ட். அவர் எழுத, பிரான்சிஸ்கோ சொலானோ லோபஸ் வரைந்த 'எல் எட்டர்நௌட்டா' என்ற சித்திரக்கதை 1957 முதல் 1959 வரை வார இதழ் ஒன்றில் தொடராக வந்தது. காலவெளியில் முடிவின்றி அலையும் பயணி என்பது தலைப்பின் பொருள்.

புவனோஸ் அயர்ஸ் நகரின் ஒரு வீட்டில் நண்பர்கள் சீட்டாடிக்கொண்டிருக்கிறார்கள். வெளியே பனி பெய்கிறது. அந்தப் பனி பட்டவர் உடனே மடிகிறார். ஹுவான் சால்வோவும் நண்பர்களும் வீட்டிலிருந்த பொருள்களைக் கொண்டே காப்பு உடையும் முகமூடியும் செய்து வெளியேறுகிறார்கள். படையெடுப்பின் உண்மை சிறிது சிறிதாக வெளிப்படுகிறது. முதலில் தாக்குபவை ராட்சத வண்டுகள். அவை வெறும் கருவிகள். அவற்றை இயக்குவோர் 'கைகள்' எனப்படும் அறிவுமிக்க உயிரினத்தார். அவர்களும் அடிமைகளே. அவர்கள் உடலில் ஓர் அச்சச் சுரப்பி பொருத்தப்பட்டிருக்கிறது. அச்சம் தோன்றினால் அது நஞ்சைச் சுரந்து அவர்களைக் கொன்றுவிடும். எனவே எதிர்க்கவும் அஞ்சுகிறார்கள், அஞ்சுவதற்கும் அஞ்சுகிறார்கள். இவர்கள் அனைவருக்கும் மேலே இருப்போருக்கு 'அவர்கள்' என்பதைத் தவிர வேறு பெயரில்லை. கதை முடியும்வரை 'அவர்கள்' முகம் காட்டுவதில்லை. ஏகாதிபத்தியத்தின் செயல்முறையை இதைவிடத் தெளிவாகக் காட்டிய சித்திரக்கதை அரிது. களத்தில் மோதுவோர் இருபுறமும் அடிமைப்படுத்தப்பட்டவர்கள்; ஆதாயம் பெறுவோர் கண்ணுக்கே தெரிவதில்லை.

எதிர்த்து நிற்போர் யார்? பெருவீரன் எவனும் வானத்திலிருந்து இறங்கவில்லை. சிறு தொழில் நடத்துபவர், இயற்பியல் பேராசிரியர், லேத் தொழிலாளி பிராங்கோ போன்ற எளியவர்களே போராடுகிறார்கள். பல நெருக்கடிகளில் தோழர்களைக் காப்பவன் அந்த லேத் தொழிலாளி. உண்மையான நாயகன் தனிமனிதன் அல்லன், ஒரு மனிதக் குழுவே என்ற கருத்தைப் பின்னாளில் ஊஸ்டர்ஹெல்ட் வெளிப்படையாகவே எழுதினார்.

1969இல் ஓவியர் அல்பெர்த்தோ பிரேச்சாவுடன் அதே கதையை மீண்டும் எழுதினார். இம்முறை வல்லரசுகள் தம்மைக் காத்துக்கொள்ளத் தென் அமெரிக்காவையே படையெடுப்பாளருக்குக் காவு கொடுக்கின்றன. வெளியிட்ட இதழ் கதையை அவசரமாகச் சுருக்கி முடித்தது.

ஊஸ்டர்ஹெல்ட் எழுத்தோடு நிற்கவில்லை. அவரும் அவருடைய நான்கு மகள்களும் இடதுசாரிப் பெரோனிய ஆயுத அமைப்பான மொந்தொனேரோஸில் இணைந்தார்கள். அந்த அமைப்பின் வழிமுறை குறித்து மாற்றுக் கருத்து இருக்கலாம். அவர்கள் செய்த தியாகம் குறித்து இருக்க முடியாது. 1976இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. தலைமறைவாக இருந்தபடியே அவர் கதையின் இரண்டாம் பாகத்தை எழுதினார். 1977 ஏப்ரலில் கடத்தப்பட்டார், திரும்பவே இல்லை. எஸ்தெலா, டயானா, பியாத்ரிஸ், மரீனா என்ற நான்கு மகள்களும் 1976, 1977 ஆண்டுகளில் பறிக்கப்பட்டார்கள். ஒருவருக்கும் முப்பது வயது நிரம்பவில்லை. பியாத்ரிஸின் உடல் மட்டுமே தாயிடம் ஒப்படைக்கப்பட்டது. டயானாவும் மரீனாவும் கடத்தப்பட்டபோது கருவுற்றிருந்தார்கள். தாய் எல்சா எஞ்சினார். 'பிளாசா டி மாயோ பாட்டிமார்' அமைப்போடு நின்று, பிறந்திருக்கக்கூடிய பேரக்குழந்தைகளைத் தேடினார், 2015இல் மறைந்தார். சர்வாதிகாரம் காணாமலாக்கியோர் 30,000 பேர் என்பது மனித உரிமை இயக்கங்களின் கணக்கு.

மீண்டும் பெய்த பனி

2025 ஏப்ரல் 30 அன்று இக்கதை ஆறு அத்தியாயத் தொடராக நெட்ஃபிளிக்ஸில் வெளிவந்தது. இயக்கியவர் புரூனோ ஸ்டாக்னாரோ. சால்வோவாக நடித்தவர் ரிகார்டோ டரீன். கதை இன்றைய காலத்திற்கு நகர்த்தப்பட்டுள்ளது. சால்வோ 1982ஆம் ஆண்டு மால்வினாஸ் போரில் களம் கண்ட முன்னாள் படைவீரர். சீட்டாட்ட வீட்டில் அடைக்கலம் பெறுவோருள் உணவு விநியோகம் செய்யும் வெனிசுவேலப் பெண் ஒருவரும் இருக்கிறார். இன்றைய தொழிலாளி வர்க்கத்தின் முகம் அது. தொடக்கத்தில் எல்லோரும் தத்தம் கதவைத் தாழிடுகிறார்கள். அண்டை வீட்டாரைச் சந்தேகிக்கிறார்கள். சால்வோ தன் மகளை மட்டுமே தேடுகிறார். போகப்போக, தன் பிள்ளையைக் காக்கவும் பிறர் வேண்டும் என்று அறிகிறார். மின்னணுக் கருவிகள் யாவும் செயலிழந்த நகரில் பழைய வண்டிகளே ஓடுகின்றன. பழையவை வேலை செய்யும் என்ற பொருள்பட வரும் வசனம் அர்ஜென்டினா முழுவதும் பரவியது.

அப்போது அந்நாட்டை ஆண்டவர் ஹாவியர் மிலே. 2023 டிசம்பரில் பதவியேற்ற அவர், ஒவ்வொருவரும் தம்மைத் தாமே காத்துக்கொள்ள வேண்டும் என்பதையே அரசுக் கொள்கையாக்கியவர். அறிவியல் ஆய்வுக்கும் திரைத்துறைக்கும் அளிக்கப்பட்ட பொது நிதி வெட்டப்பட்டது. தொடர் வெளிவந்த சில வாரங்களில் ஆய்வாளர்கள் சால்வோவின் முகமூடியை அணிந்து நிதி வெட்டுக்கு எதிராகத் தெருவில் நின்றார்கள். காணாமலாக்கப்பட்டோரின் பிள்ளைகள் அமைப்பினர் தொடரின் சுவரொட்டிகளுக்கு அருகே ஊஸ்டர்ஹெல்ட் குடும்பத்தின் படங்களை ஒட்டினார்கள். பாட்டிமாரின் தேடல் புதிய தலைமுறையின் காதுகளை எட்டியது. மக்கள் ஒரு தொடரைப் பார்த்துவிட்டு மட்டும் போகவில்லை, அதைக் கைப்பற்றிக்கொண்டார்கள்.

மூலதனத்தின் வயிறு

மயக்கம் வேண்டாம். நெட்ஃபிளிக்ஸ் ஓர் அமெரிக்கப் பெருநிறுவனம். சந்தா வருமானம் தரும்வரை முதலாளித்துவ எதிர்ப்பையும் அது விற்கும். தென் கொரியாவின் 'ஸ்க்விட் கேம்' 2021இல் கடனில் மூழ்கிய மனிதர்களைக் காட்டி உலகை உலுக்கியது. நாயகனின் கடந்தகாலத்தில் 2009ஆம் ஆண்டு சாங்யாங் மோட்டார் வேலைநிறுத்தத்தின் நிழல் உண்டு. அதே நிறுவனம் 2023இல் 456 உண்மை மனிதர்களை அழைத்து, அந்த விளையாட்டையே பரிசுப் போட்டியாக நடத்தியது! விமர்சனத்தை விழுங்கிச் சரக்காக வெளியே தள்ளும் வயிறு மூலதனத்துக்கு உண்டு. எனவே ஒரு தொடரின் அரசியல் திரையில் முடிவாவதில்லை. அதைப் பார்ப்போர் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் முடிவாகிறது.

நமது நாடு கண்ட பனி

இந்திய மக்கள் இக்கதையைத் திரையில் மட்டும் பார்த்தவர்கள் அல்லர். 2020 மார்ச் 24 இரவு, நான்கு மணிநேர அவகாசத்தில் நாடு பூட்டப்பட்டது. புலம்பெயர் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தார்கள். மே 8 அன்று அவுரங்காபாத் அருகே தண்டவாளத்தில் அயர்ந்து உறங்கிய 16 தொழிலாளர்கள் சரக்கு ரயிலில் அடிபட்டு மாண்டார்கள். தன் வீட்டுக் கதவைத் தாழிட்டுக்கொள் என்பது வீடுள்ளவருக்குச் சொல்லப்பட்ட அறிவுரை; வீடற்றவருக்கு அதில் இடமில்லை.

அதே நாட்களில் கேரளத்தில் சமூகச் சமையற்கூடங்கள் எரிந்தன. 2021இல் இரண்டாம் அலையின்போது மேற்கு வங்கத்தில் செந்தொண்டர்கள் ஆக்சிஜன் உருளைகளைத் தோளில் சுமந்து வீடுவீடாகச் சென்றார்கள். சட்டமன்றத் தேர்தலில் ஓர் இடமும் கிட்டாத வேளையில் செய்த பணி அது. பேரழிவில் மனிதன் மனிதனைக் கடித்துக் குதறுவான் என்ற பாடத்தை உழைக்கும் மக்களின் நடைமுறையே பொய்யாக்கியது.

செய்ய வேண்டியது

தோழர்களே, இளைஞர்களிடம் தொடர் பார்க்காதே என்று உபதேசிப்பதில் பயனில்லை. அவர்களோடு அமர்ந்து பாருங்கள். பார்த்தபின் மூன்று கேள்விகளை எழுப்புங்கள். இந்த அழிவைக் கொணர்ந்தது யார்: விதியா, மனித இயல்பா, ஆதாயம் தேடிய ஒரு கூட்டமா? எஞ்சிய உணவைப் பங்கிடும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது? அந்த உணவை விளைவித்து, இயந்திரத்தை ஓட்டி, பிணத்தை அகற்றுவது யார்? இம்மூன்றையும் கேட்கப் பழகியவரை எந்த நிறுவனமும் எளிதில் ஏமாற்ற முடியாது.

'எல் எட்டர்நௌட்டா' சித்திரக்கதையின் இறுதியில், வரப்போகும் படையெடுப்பைப் பற்றிக் கேட்டறிந்த எழுத்தாளர் தனித்து விடப்படுகிறார். இதை எழுதி வெளியிட்டால் அந்த அழிவைத் தடுக்க முடியுமா என்று தன்னையே கேட்டுக்கொள்கிறார். எழுதியதால் மட்டும் அதைத் தடுக்க முடியவில்லை. எழுதியவரையே அது கொண்டுபோயிற்று. ஆனால் அரை நூற்றாண்டு கழித்து அந்த முகமூடியை அணிந்து மக்கள் தெருவில் நின்றார்கள். கதைக்கு உரிய விடை அங்கேதான் கிடைக்கிறது: அமைப்பாகத் திரண்டு நிற்போரிடம்.