வெட்டவெளியில் கேஸ் நெருப்பு

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் போய்வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். இருட்டியதும் விடுதி முற்றத்தில் நெருப்பு மூட்டி, சுற்றிலும் நாற்காலி போட்டுவிடுவார்கள். முன்பெல்லாம் விறகுதான். இப்போது சில இடங்களில் கேஸ் வந்துவிட்டது. வட்டமான ஒரு தொட்டி, நடுவில் பர்னர், அதன்மேல் பரப்பிய கற்கள், அடியிலோ பக்கத்திலோ ஒரு சிலிண்டர். ‘ஃபயர் பிட்’ என்கிறார்கள். புகை கிடையாது, சாம்பல் கிடையாது. வசதியுள்ளவர்கள் மொட்டைமாடியிலும் தோட்டத்திலும்கூட வைத்துக்கொள்கிறார்கள்.

இதை வைத்திருப்பவர்கள் பலரும் ஒரு வார்த்தை சொல்வார்கள்: “வெளியிலதானே எரியுது, கசிஞ்சாலும் காத்தோட போயிடும்.” இந்த நம்பிக்கைதான் எனக்குக் கவலை தருகிறது.

நாம் பயன்படுத்தும் எல்.பி.ஜி. காற்றைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் மேலே ஏறாது. தண்ணீரைப் போலத் தாழ்வான இடம் தேடி ஓடும். ஃபயர் பிட் என்பதோ நாலு பக்கமும் அடைத்த ஒரு தொட்டி. காற்று அசையாத ராத்திரியில், தொட்டிக்குள் இறங்கிய கேஸ் அங்கேயே தங்கிவிடும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவுக்குக் கலந்தாலே போதும், ஒரு பொறியில் குப்பென்று பிடித்துக்கொள்ளும். சிலிண்டருக்குள் திரவமாக இருப்பது வெளியே வந்தால் சுமார் 250 மடங்கு விரிகிறது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். கொஞ்சம்தான் கசிந்தது என்ற பேச்சுக்கே இடமில்லை.

அதனால் தொட்டியின் அடிமட்டத்தில், தரையை ஒட்டி, எதிரெதிர்ப் பக்கங்களில் காற்றுத் துளைகள் இருந்தாக வேண்டும். மேலே திறந்திருப்பது கணக்கில் வராது. அழகுக்காகக் கிரானைட் ஒட்டி அந்தத் துளைகளை மூடிவிடுகிறார்கள். கொத்தனார் வேலையை முடிப்பதற்குள் நீங்களே குனிந்து பார்த்துவிடுங்கள்.

அடுத்தது பற்றவைக்கும் முறை. பலரும் குமிழைத் திறந்துவிட்டுத்தான் லைட்டரைத் தேடுகிறார்கள். அது தலைகீழ். நீளமான லைட்டரில் தீயை வைத்துக்கொண்டு, முகத்தைத் தொட்டிக்கு மேல் நீட்டாமல், காற்று வரும் பக்கமாக நின்று, அப்புறம் குமிழைத் திருக வேண்டும். பிடிக்கவில்லையா? உடனே மூடுங்கள். ஐந்து நிமிடமாவது பொறுத்து, வாடை அறவே போன பிறகு மறுபடி முயலுங்கள். மலைக்காற்று ஒரு வீச்சில் தீயை அணைத்துவிடும், கேஸ் மட்டும் கற்களுக்கு இடையே வந்துகொண்டே இருக்கும். தீ அணைந்தால் கேஸைத் தானாக நிறுத்தும் அமைப்பு உள்ள பர்னர்கள் கிடைக்கின்றன. விலை கூடுதல்தான். நான் அது இல்லாததை வாங்கவே வேண்டாம் என்பேன்.

கற்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஆற்றில் பொறுக்கிய கூழாங்கல்லைப் போடாதீர்கள். உள்ளே ஊறிய ஈரம் சூட்டில் ஆவியாகி, கல்லையே உடைத்துத் தெறிக்கவைக்கும். எரிமலைக்கல் போல நெருப்புக்கென்றே விற்கும் கற்கள்தான் சரி.

இனி சிலிண்டர். மலையில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும். எல்.பி.ஜி.யில் இருப்பவை புரோப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்கள். பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரியை நெருங்கினாலே ஆவியாகத் தயங்கும். பெரிய பர்னர் கேஸை வேகமாக இழுக்க இழுக்கச் சிலிண்டரும் குளிர்ந்து, வெளிப்பக்கம் வெள்ளையாகப் பனி படியும். தீ சிறுத்துப்போகும். அப்போதுதான் ஆபத்தான வேலையெல்லாம் நடக்கிறது. கொதிநீரை ஊற்றுவது, நெருப்புக்குப் பக்கத்தில் உருட்டிவைப்பது, படுக்கப்போடுவது. படுக்கப்போட்டால் ஆவிக்குப் பதில் திரவமே குழாயில் ஏறி, பர்னரில் தீ திடீரென்று ஆளுயரத்துக்கு எழும்பலாம். கல்யாணச் சமையலிலும் கடைசிப் பந்தி அவசரத்தில் இதைச் செய்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். தீ சிறுத்தால் அடுப்பை அணைத்து, வேறு சிலிண்டரை மாட்டுங்கள். எப்போதும் நிமிர்த்தி, நெருப்பிலிருந்து பத்தடியாவது தள்ளி, பள்ளமில்லாத இடத்தில் வையுங்கள்.

சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, பி, சி, டி என்று அடுத்தடுத்த மும்மாதங்கள். இலக்கம் ஆண்டைக் குறிக்கும். மறுசோதனைக்கான கெடு அது. கடந்திருந்தால் வாங்காதீர்கள்.

சிலிண்டரிலிருந்து பர்னருக்குப் போகும் டியூப் வெயிலில் கிடந்து வெடிப்பு விடும், எலி கடிக்கும். வெளியில் கிடக்கும் டியூபுக்கு வீட்டுக்குள் இருப்பதன் ஆயுள் கிடையாது. சோப்புத் தண்ணீரை நுரைத்து, ரெகுலேட்டர் முதல் பர்னர் வரை ஒவ்வொரு மூட்டிலும் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவு இருந்தால், நுரைக்குள் ஒரு குமிழி மெல்லப் பெருத்து, உடைந்து, அதே இடத்தில் இன்னொன்று கிளம்பும். அந்த மூட்டைச் சரிசெய்யாமல் பற்றவைக்கக் கூடாது.

ஒருவேளை டியூபிலேயே தீப்பிடித்துவிட்டால், தண்ணீரோடு ஓடுவதற்கு முன்னால் சிலிண்டர் வால்வை மூட முடியுமா என்று பாருங்கள். கேஸ் வந்துகொண்டிருக்கும்போது தீயை மட்டும் அணைத்தால், எரியாத கேஸ் சுற்றிலும் பரவி மறுபடி பிடிக்கும். வால்வை நெருங்க முடியாவிட்டால் ஆட்களை விலக்கிவிட்டு 101-ஐ அழையுங்கள்.

குளிர் தாங்கவில்லை என்று எரியும் அடுப்பைக் கூடாரத்துக்குள்ளோ அறைக்குள்ளோ கொண்டுபோவது இன்னொரு கொடுமை. கேஸானாலும் கரியானாலும் அடைத்த இடத்தில் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாடையே கிடையாது. தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார்.

ராத்திரி எல்லோரும் படுக்கப் போகும்போது பர்னர் குமிழை மூடினால் மட்டும் போதாது. முதலில் சிலிண்டர் பக்கம் மூடுங்கள். டியூபில் மிச்சமிருப்பது எரிந்து தீர்ந்ததும் குமிழை மூடுங்கள். விருந்தாளியாகத் தங்கியிருந்தாலும், இதை யார் செய்கிறார்கள் என்று அங்கே பணிபுரியும் தம்பியிடம் கேட்கத் தயங்காதீர்கள். கசிவு வாடை அடித்தால் எந்த நேரமும் அழைக்க 1906 என்ற எண் இருக்கிறது. கேஸ் வாடையிலிருந்து தள்ளி நின்று பேசுங்கள்.