கேஸ் குறைந்தால் கம்ப்ரஸருக்கு ஆபத்து

அக்னி நட்சத்திர வெயிலில் கருங்குழி ஊர் வழியாகக் காரில் போகிறவர்களுக்கு ஏசியின் அருமை தெரியும். அதன் இதயம் கம்ப்ரஸர். குளிரூட்டும் கேஸை அழுத்திச் சுற்றவிடுவது அதன் வேலை.

அந்த கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. அளவு குறைந்தால் எங்கோ கசிகிறது என்றுதான் பொருள். கம்ப்ரஸருக்கான எண்ணெய் கேஸோடு கலந்தே ஓடுகிறது. கசிவில் எண்ணெயும் போகும், உள்ளே உராய்ந்து கம்ப்ரஸரே இறுகிவிடும். அதனால் கேஸ் நிரப்பச் சொல்லும் முன் கசிவைத் தேடச் சொல்லுங்கள். தயவுசெய்து இதில் அவசரப்படாதீர்கள்.

மாமல்லபுரம் பக்கம் உப்புக்காற்று, கேஸைக் குளிர்விக்கக் காரின் முன்னாலிருக்கும் கண்டென்சரை அரித்துக் கசிய வைக்கும்; மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மழைக்காலத்திலும் வாரம் பத்து நிமிடம் ஏசியை ஓடவிடுங்கள். எண்ணெய் சுற்றிவந்தால் கசிவைத் தடுக்கும் சீல் காயாது.