துடைத்த பொட்டு
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



தொண்ணூறுகளில் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இருந்து வந்த நாங்கள் பலர், புறக்கோட்டையில்தான் பஸ் மாறுவோம். ஏறுமுன் பொட்டைத் துடைப்போம். அடையாள அட்டை இருக்கிறதா என்று பையைத் தொட்டுப் பார்ப்போம். பஸ்ஸுக்குள் தமிழில் கதைக்கமாட்டோம். அது பயம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் சோதனைச்சாவடி இல்லாத வகுப்பறையிலும் நாங்கள் ஒளித்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவள் தன் பேச்சை மாற்றிக்கொண்டாள். ஹற்றனிலிருந்து வந்தவள் தோட்டத்து முகவரியைச் சொல்லவில்லை. செட்டியார் தெருக் கடைக்காரரின் மகள், அப்பாவைப் பள்ளி வாசலுக்கு வரவேண்டாம் என்றாள். ஒரே வாங்கில் வருடக்கணக்காக இருந்தும் ஒருவரையொருவர் அறியவில்லை.

மருத்துவம் படித்த பின்னர்தான் டொக்டர் மேரி இரட்ணத்தைப் பற்றி அறிந்தோம். 1873இல் கனடாவில் பிறந்தவர். மிஷன் வைத்தியராக இலங்கைக்குத் தெரிவானவர். இலங்கைத் தமிழர் ஒருவரை மணந்ததால் மிஷன் அவரை ஏற்கவில்லை. கதவைத் தட்டிக்கொண்டு நிற்காமல், கொழும்பில் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார். 1909இல் தமிழ் மாதர் சங்கம் தொடங்க முன்னின்றார். அச்சங்கத்தின் கலாலயத்தில்தான் எங்களில் சிலர் பாட்டும் நடனமும் படித்தோம். கிராமத்துப் பெண்களுக்காக லங்கா மகிள சமிதியை உருவாக்கினார். 1937இல் கொழும்பு மாநகரசபைக்குத் தெரிவானார். 1958இல் மக்சேசே விருது பெற்றார். தன்னை வேண்டாமென்றவர்களை விட்டு, தான் தேவைப்பட்டவர்களிடம் போனார். இந்த ஊர் அவருடைய ஊராயிற்று.

எங்களில் வைத்தியரானவர்களும் வாட்டில் சிங்களமும் ஆங்கிலமுமே பேசிப் பழகியிருந்தோம். ஒருநாள் கொட்டாஞ்சேனை அம்மா ஒருவர் தன் வருத்தத்தைச் சொல்லத் தெரியாமல் தவித்தார். "எங்க அம்மா நோகுது?" என்று எல்லோர் முன்னும் கேட்டோம். கையைப் பிடித்தவர் நெடுநேரம் விடவில்லை. பக்கத்தில் நின்ற சிங்களத் தாதி கோபிக்கவுமில்லை. 'நோகுது' என்ற சொல்லைத் தனக்கும் சொல்லித்தரக் கேட்டார். இத்தனை வருடம் யாருடைய சம்மதத்துக்காகக் காத்திருந்தோம்?

இன்று இந்த மண்டபத்தில் சிலர் இல்லை. ஹற்றனிலிருந்து வந்தவளும் இல்லை. அவள் ஒளித்தாள், நாங்களும் கேட்கவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு அழைப்பிதழ் மட்டும் போதாது. இவ்வாரமே ஆளுக்கொருவரைத் தொலைபேசியில் கூப்பிடுவோம். அவர்கள் தங்கள் தமிழில் கதைக்கட்டும், நாங்கள் எங்கள் தமிழில் கதைப்போம்.