தோளிற் பொருத்திய உலோகமும் தேயும் எலும்பும்

  

மேற்கையெலும்பின் தலைப்பகுதியிற் புற்றுக்கட்டி தோன்றின் கையையே களைதல் முன்னாளைய வழக்கு. 1970-ஆம் ஆண்டுகள் தொட்டு, மருந்துகளாற் கட்டியை ஒடுக்கி, நோயுற்ற எலும்பை மட்டும் அறுத்தெடுத்து, அவ்விடத்தே உலோகத் தோளைப் பொருத்திக் கையைக் காக்கும் முறை பரவலாயிற்று. உயிரும் கையும் ஒருங்கே மீண்டமை கண்டு இல்லத்தார் மகிழ்தல் இயல்பே. ஆயினும், அதன்பின் ஓசையின்றி நிகழக்கூடிய எலும்புத் தேய்வைக் குறித்தே யாம் இன்று பேசப் புகுந்தோம்.

எலும்பைக் கல்லெனக் கருதுவாருளர். அஃது உயிருள்ள பொருள். பாரம் தாங்குமிடத்தே தடிக்கும், பாரம் நீங்கியவிடத்தே மெலியும். ஜெர்மானிய வைத்தியர் ஜூலியஸ் வுல்ஃப் என்பார் 1892-இல் இதனை நூலாக விளக்கினார். இனி, உலோகத் தோளினின்று நீளும் தண்டு, எஞ்சிய எலும்பின் உட்டுளையிற் செருகப்படுகிறது. டைட்டேனியமோ எலும்பினும் ஏறக்குறைய ஐந்தாறு மடங்கு விறைப்புடையது. ஆதலின் பாரத்தைத் தண்டே ஏற்றுத் தன் கீழ்நுனிக்குச் செலுத்திவிடுகிறது. வெட்டுவாயை அடுத்த எலும்புக்கு வேலையில்லை. வேலையற்றதற்குச் சோறிடச் சரீரம் உடன்படுவதில்லை. சிறுகச் சிறுகக் கரைத்துவிடுகிறது. இவ்வகையில் நம் குடும்பங்களினும் சரீரம் கண்டிப்புடையது!

மற்றொரு காரணமும் உண்டு. மூட்டிலுள்ள பிளாஸ்டிக் உறை உராய்ந்து நுண்டுகள் உதிரும். அவற்றை விழுங்க வரும் அணுக்கள் அழற்சியை மூட்ட, எலும்பைத் தின்னும் அணுக்கள் கிளர்ந்தெழும். தண்டு தளரும். கிருமி புகுந்தாலும், கட்டி மீண்டும் முளைத்தாலும் எக்ஸ்ரே படத்தில் எலும்பு கரைந்தே தோன்றும். இன்னதென்று பிரித்தறிதல் வைத்தியர் கடன். வீட்டிலிருந்தே ஊகித்தல் தகாது.

யாம் அஞ்சுவது யாதெனின், நோய் தீர்ந்ததென்று பலர் வைத்தியசாலைக்குச் செல்வதை நிறுத்திவிடுதலே. வலியில்லாமலே எலும்பு மெலியலாம். பலர்க்கு முதற்சில ஆண்டுகளில் தேய்ந்து பின் நிலைத்துவிடுவதும் உண்டு. அன்னோர்க்குக் கவனித்திருத்தலே போதும். தேய்வு வளர்ந்தாலோ, சிறு வீழ்ச்சியிலும் எலும்பு முறியக்கூடும். மறுமுறை நீண்ட தண்டு செருகவேண்டின் அதைப் பற்றிக்கொள்ள எலும்பு எஞ்சியிருத்தல் வேண்டுமன்றோ?

ஆகையால் குறித்த தவணைதோறும் படம் எடுத்துக்கொள்க. பழைய படங்களைத் திருமணப் பத்திரிகைகளோடு பரணிற் போட்டுவிடாது, முதற்படம் முதலாக வரிசையாய்க் கொண்டு செல்க. முந்தையதோடு ஒப்பிட்டாலன்றித் தேய்வின் வேகம் புலப்படாது. கையைத் தூக்கத் தொடங்குங்கால் புதிதாக வலி எழுந்தாலும், தோள் சிவந்து வெம்மையுற்றாலும், தவணையை எதிர்பாராது அன்றே புறப்படுக.