சந்தைப்படுத்தற் கல்வியும் நம்மூரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



வளாகத்திலே எதைச் சிறப்பாகப் படிக்கின்றீர்கள் என்று எங்களைக் கேட்போருக்குச் "சந்தைப்படுத்தல்" என்று விடை கூறினால், பலர் புன்னகை செய்கின்றனர். "விக்கிறதுக்கும் ஒரு பட்டமோ?" என்கின்றனர். கேள்வி நியாயமானதே. அதற்கு விடை கூறவே உங்கள் முன் நிற்கின்றோம்.

இக்கல்வி நேற்று வந்ததன்று. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலே 1902 ஆம் ஆண்டிலேயே இதற்கு வித்திடப்பட்டது. 1960 இல் மெக்கார்த்தி என்னும் பேராசிரியர் பொருள், விலை, இடம், விளம்பரம் என இதனை நான்காக வகுத்துத் தந்தார். நம் நாட்டில் இலங்கைச் சந்தைப்படுத்தல் நிறுவகம் 1970 இல் தோன்றியது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் 2001 இல் அமைந்தது. இன்று அது நமக்கு அயலே கோணேசபுரியில் இருக்கின்றது. வீட்டுச் சோறுண்டு சைக்கிளிலே சென்று பட்டம் படிக்கும் பேறு நம்மிற் சிலருக்குக் கிட்டியுள்ளது.

நிற்க. பாடத்தின் பொருட்டு ஒரு நாள் விடியற்காலை, குறிப்புப் புத்தகத்தோடு கரைக்குச் சென்றோம். வலையிழுத்துக் களைத்திருந்த பெரியவர் ஒருவருக்கு அந்நான்கையும் விளக்கினோம். பொறுமையாகக் கேட்டவர், "தம்பிமார், விலையை நானெங்க சொல்லுறது? வலைக்கும் எஞ்சினுக்கும் காசு தந்த முதலாளியெல்லோ சொல்லுவார்" என்றார்.

எங்கள் புத்தகம் மூடிக்கொண்டது. விற்பவனே விலையை வகுப்பான் என்று நாங்கள் படித்திருந்தோம். கடன்பட்டவனுக்கு விலை கூற வாயில்லை என்பதை அன்றுதான் அறிந்தோம். மிஷன் பாடசாலையிலே எத்தனையோ கணக்குக் கற்ற எங்களுக்கு, பிறந்த ஊரின் இந்தக் கணக்குத் தெரியாதிருந்தது.

முதலாளியைத் தூற்றுவது எங்கள் நோக்கமன்று. மாரியிலே கடல் கொந்தளித்துத் தொழில் நின்றால் அடுப்பெரிய உதவுபவரும் அவரே. அந்த உதவியை நாமே நமக்குச் செய்துகொள்ளும் வரை விலையும் நம் கைக்கு வாராது.

இது நடவாத காரியமோ? குஜராத்திலே ஆனந்த் என்னும் ஊரைப் பாருங்கள். பால் கறப்பவர் ஒருவர், விலை கூறுபவர் வேறொருவர் என்றிருந்த நிலையிலே, 1946 இல் அவ்வூரார் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். பாலைத் தாமே சேர்த்து, பதப்படுத்தி, தாமே விற்றனர். அதுவே பின்னர் அமுல் என்னும் பெயரால் உலகறிய வளர்ந்தது. சந்தைப்படுத்தலின் சாரமும் அதுவே: வாங்குபவர் யார், அவருக்கு வேண்டுவது யாது என்று அறிந்து, அவரிடம் நேரே செல்லுதல்.

நாம் செய்யக்கூடியன சிறியவை. கருவாட்டை மணலில் பரப்பாது பரணில் உலர்த்துவோம். தரம் பிரித்து, நிறையும் திகதியும் குறித்துப் பொதி செய்வோம். நிலாவெளி, உப்புவெளி விடுதிகளுக்கு எந்த மீன் எப்போது தேவையென்று கேட்டறிவோம். நகரச் சந்தை விலையை நாள்தோறும் சங்கப் பலகையில் எழுதும் பொறுப்பை மாணவர்களாகிய நாங்கள் ஏற்கின்றோம். மாரிக்கால உதவிக்கென ஒரு சேமிப்பு நிதியைத் தொடக்கும் பொறுப்பைப் பெரியோர் ஏற்கவேண்டும்.

பட்டம் பெற்றபின் கொழும்புக் கம்பனிகளின் பொருளை விற்கப் போவோர் போகட்டும், அது குற்றமன்று. ஆயினும் அதற்கு முன், அக்கரையிலே விடை கூறாது நாங்கள் விட்டுவந்த பெரியவருக்கு ஒரு விடை கூறவேண்டியவர்களாயிருக்கின்றோம். அதற்கு உங்கள் ஆதரவை வேண்டி அமைகின்றோம்.